மூட்டுவலிப் பொடியோடு உறையூர் ஆய்வகத்துக்கு: துறையூரிலிருந்து இரண்டு பயணங்கள்

இந்த வலைப்பூவில் இதுவரை மலை, அருவி, கோயில் என்றுதான் எழுதியிருக்கிறேன். இது ஓர் ஆய்வகத்துக்குப் போன கதை. புரட்டாசிக் கடைசியில், எட்டு நாள் இடைவெளியில், துறையூரிலிருந்து திருச்சிக்கு இரண்டு தடவை போய் வந்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது என்ன ஏது என்று தெரியாத பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதை முழுதாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பாதியில் கிளம்பினால் நான் செய்த தப்பைத்தான் நீங்களும் செய்வீர்கள்.

என் அக்கா ஜெயா ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்திர வீதியில் வாடகைக்கு இருக்கிறாள். ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் போய்விட்டது. தை மாதம் யாரோ சொல்லி, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்துக் கடையில் மூட்டுவலிச் சூரணம் வாங்கினாள். மூன்றாம் நாளே வலி போன இடம் தெரியவில்லை. அந்த மாதமே மலைக்கோட்டைப் படி அத்தனையும் ஏறி, மேலே நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆவணியில் நேரில் பார்த்தபோது முகம் உப்பி வட்டமாக இருந்தது. மெஸ்ஸில் எல்லோரும் "பூரிப்பா இருக்கீங்க" என்றார்களாம். சர்க்கரை வியாதியே இல்லாதவளுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

எனக்குத் துறையூரில் விதை, உரக் கடை. எந்தப் பொட்டலம் கைக்கு வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது தொழில் புத்தி. அந்த டப்பாவில் "நூறு சதவீதம் மூலிகை" என்று மட்டும் இருந்தது. பேட்ச் நம்பர் இல்லை, தயாரித்த தேதி இல்லை, என்ன மூலிகை என்றும் இல்லை. "இதுல என்னமோ கலந்திருக்கான்க்கா, நிறுத்து" என்றேன். "நீ போயி உன் யூரியா மூட்டையப் பாரு. என்னால நடக்க முடியுது, எனக்கு அது போதும்" என்றாள். வாயால் சொன்னால் கேட்க மாட்டாள், காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

விசாரித்ததில், உணவும் மருந்தும் பரிசோதிக்கும் தனியார் ஆய்வகம் ஒன்று உறையூர் பக்கம் இருப்பது தெரிந்தது. போனில் கேட்டபோது, சீல் பிரிக்காத டப்பாவும் கடை பில்லும் கொண்டுவரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலை 5.40 பஸ்ஸைப் பிடித்தேன். துறையூரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். நான் அதுவரை போகாமல், கொள்ளிடம் பாலம் தாண்டித் திருவானைக்காவலில் 7 மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

முதலில் அக்கா வீட்டுக்குப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, டப்பாவிலிருந்த சூரணம் முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிக்கொண்டேன். அதற்குப் பதில் நான் வீட்டில் அரைத்துக் கொண்டுபோயிருந்த சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடியை நிரப்பி வைத்தேன். நிறமும் அதேதான், காரமும் அதேதான். வெளியே வந்த அக்கா எனக்கு இரண்டு தோசை ஊற்றிப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு, கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட நினைப்போடு சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன்.

சத்திரத்திலிருந்து மலைக்கோட்டைச் சந்துக்கு நடந்தே போகலாம், பத்துப் பன்னிரண்டு நிமிடம். கடை 9.30க்குத்தான் திறந்தது. டப்பா 350 ரூபாய். "பில்லு குடுங்க" என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சூரணத்துக்கு யாரும்மா பில்லு கேப்பாங்க?"

"எங்க கடையில வேப்பம்புண்ணாக்குக்கே நான் பில்லு போடுறேங்க. எழுதுங்க."

பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் நகரவில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அங்கிருந்து உறையூருக்கு ஆட்டோ, மூன்று கிலோமீட்டர், 90 ரூபாய்.

ஆய்வகத்தில் மும்தாஜ் என்ற கெமிஸ்ட் டப்பாவை வாங்கிக்கொண்டார். முப்பது வயதிருக்கும், பாலக்கரைக்காரர். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். பொடியைக் கரைத்து, வடிகட்டி, நுண்ணிய தூள் அடைத்த ஒரு மெல்லிய குழாய் வழியே செலுத்துவார்களாம். உள்ளே சேர்ந்து போகிற பொருள்கள் வெளியே வரும்போது தனித்தனியாக, ஒவ்வொன்றும் அதனதன் நேரத்துக்கு வரும். சத்திரத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்புகிற பஸ்கள் டோல்கேட்டுக்கு முன்னே பின்னே வந்து சேர்கிற மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன். இது குரோமட்டோகிராபி. வருகிற ஒவ்வொன்றையும் அடுத்த கருவி உடைத்து, துண்டுகளின் எடையைப் பார்த்து இன்ன பொருள் என்று சொல்லிவிடும். அது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். "மூலிகைக்குள்ள எவ்வளவு கொஞ்சமா மாத்திரை மருந்து கலந்திருந்தாலும் காட்டிக்குடுத்துடும் மேடம்" என்றார். வரியோடு 5,900 ரூபாய். ரிப்போர்ட்டுக்கு ஆறு வேலை நாள்.

அக்கா டப்பாவிலிருந்து பையில் கொட்டி எடுத்துவந்த பொடி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அதைத் துறையூருக்கே கொண்டுவந்து, கடையில் எலி மருந்து வைக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். வலி திரும்ப வந்துவிட்டதாம், உடம்பெல்லாம் அசதியாம். சனிக்கிழமை, சோறு உள்ளே இறங்கவில்லை, குமட்டுகிறது என்றாள். திங்கட்கிழமை குரலே பாதியாகிவிட்டது. "ரெண்டு ஸ்பூனா போட்டுப் பாத்துட்டேன்டி, கேக்கவே மாட்டேங்குது." நான் மனசுக்குள், விஷம் இறங்குகிறது, இறங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

புதன்கிழமை காலை 8.10 பஸ், சத்திரத்தில் 9.35. பத்து மணிக்கெல்லாம் ஆய்வகத்தில் இருந்தேன். ரிப்போர்ட் இரண்டு பக்கம். கலந்திருந்தது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. கூடவே டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை மருந்து. சொன்னேன் பார்த்தாயா என்று அக்காவிடம் காகிதத்தை நீட்டுகிற காட்சி அப்போதே என் கண்ணில் ஓடியது.

"அவங்க இப்பவும் இதைச் சாப்பிடுறாங்களா மேடம்?" என்று கேட்டார் மும்தாஜ்.

"எங்கங்க? எட்டு நாளா நிறுத்திட்டேன். அவங்களுக்கே தெரியாது" என்றேன், பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை மாசமா சாப்பிட்டாங்க?"

"தையிலேர்ந்து. ஒன்பது மாசம்."

"நான் டாக்டர் இல்லைங்க. ஆனா இத்தனை மாசம் ஸ்டீராய்டு வெளியிலேர்ந்து வந்தா, உடம்பு அந்த மாதிரிப் பொருளத் தானா சுரக்கிறத நிறுத்திடும். திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து. படிப்படியாத்தான் குறைக்கணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மொதல்ல இந்த ரிப்போர்ட்டக் காட்டுங்க."

அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம், "அண்ணே, ஸ்ரீரங்கம், வடக்கு உத்திர வீதி. சீக்கிரம் போகணும்" என்றேன். "பாலத்துல எப்படி இருக்குமோ தெரியாதும்மா. ஏறுங்க, பாத்துக்கலாம்" என்றார். ஏழு கிலோமீட்டர், 28 நிமிடம், 240 ரூபாய். காவிரிப் பாலத்தில் நாலு நிமிடம் வண்டி நகரவேயில்லை. அந்த நாலு நிமிடம் அவளுடைய நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அக்கா கூடத்தில் தரையில் படுத்திருந்தாள். "எந்திரிச்சா கண்ண இருட்டுதுடி" என்றாள். ஆட்டோக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினோம். ஒன்றரைக் கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி. போகும் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பொடியை மாற்றியது உட்பட.

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிரஷரைப் பார்த்தார். எண்பதுக்கு ஐம்பது. உடனே ஊசி, குளுக்கோஸ். "என்ன சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சு வந்தீங்க, தப்பிச்சாங்க. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார். மூன்று மணிக்கு அக்கா கண்ணைத் திறந்து காபி கேட்டாள். பாதி குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவன் குடுத்த பொடியில என்ன இருக்குன்னு அவன் சொல்லல. நீ வச்ச பொடியில என்ன இருக்குன்னு நீ சொன்னியா?"

ஒன்பது மாதம் ஒருத்தன் அவளை ஏமாற்றியதைக் கண்டுபிடிக்கப் போனவள், எட்டு நாள் அதே டப்பாவில் நானும் ஏமாற்றியிருக்கிறேன். காரமும் நிறமும் ஒத்துப்போகிற மாதிரி பார்த்துப் பார்த்து அரைத்தது வேறு. அங்கேயே அழுதேன். "சரி, அழாத. மிச்சக் காபியக் குடி" என்றாள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. சீல் பிரிக்காத டப்பாவையே கொடுங்கள், பில் வாங்காமல் கடையை விட்டு நகராதீர்கள். என்ன சந்தேகம் என்று ஆய்வகத்தில் தெளிவாகச் சொன்னால்தான் அதற்கேற்ற பரிசோதனை செய்வார்கள். சாப்பிடுகிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ செய்யாதீர்கள், ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ரிப்போர்ட்டையும் பில்லையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். தனியார் ரிப்போர்ட் மட்டும் வழக்குக்குப் போதாது, அவர்களே போய் மாதிரி எடுக்க வேண்டுமாம். கடை இன்னும் திறந்திருக்கிறது. திங்கள்தோறும் போய்க் கேட்கிறேன், கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அக்காவுக்கு டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவருகிறார். முகம் வடிந்துவருகிறது. முழங்கால் வலிக்கிறது, அதற்குத் தனியாக வைத்தியம் நடக்கிறது. போன வாரம் போனபோது அடுப்படி அலமாரியில் அந்தப் பழைய டப்பா இருந்தது. அதன்மேல் அக்கா கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "சுக்கு, மிளகு, திப்பிலி. வேறு ஒன்றும் இல்லை. அரைத்தவள் என் தங்கை சாந்தி." தேதி போட அவள் மறந்திருந்தாள். பேனாவை வாங்கி அதை நான் எழுதினேன்.