பூஜையில் வைத்த டேப்

பெரிய திரை வைத்த அந்த டேப்லெட், சுருக்கமாக டேப், கைக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் நான். அதுவரை ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் செல்போனில்தான் படித்தேன். ஒரு வரியைப் படிக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அட்டவணை வந்தால் தொலைந்தேன். இப்போதோ முழுப் பக்கமும் ஒரே பார்வையில்! இடது பாதியில் கட்டுரை, வலது பாதியில் என் குறிப்பு. பேனாவால் கோடு போட்டால் போட்ட இடத்தில் கோடு, அழித்தால் சுவடே இல்லை. பெரிய பெரிய பேராசிரியர்களின் கட்டுரை ஓரத்தில் "சும்மா அளக்காதீங்க" என்றுகூட எழுதினேன். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

என் ஆய்வு கல்வராயன் மலைச் சாமையைப் பற்றியது. மரவள்ளி நல்ல காசு கொடுக்கிறபோதும் சில குடும்பங்கள் ஏன் ஒரு துண்டு நிலத்திலாவது சாமையை விடாமல் விதைக்கின்றன என்பதுதான் கேள்வி. டேப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் மலைமேல் இருக்கும் கரியாலூருக்கு ஏறினேன். அங்கே டவர் கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகட்டும், அத்தனை புத்தகமும் என் மடியில் இருந்தன. கொல்லை மேட்டில் உட்கார்ந்து சாமைக் கதிரை வரைந்தேன். பக்கத்திலேயே அந்தச் சாமையை விதைத்த அம்மா சொன்னதை எழுதினேன். நாலாம் அத்தியாயத்தில் என் நெறியாளர் சிவப்பில் கேட்டிருந்த கேள்விகளுக்கெல்லாம் அங்கேயே பதில் எழுதி முடித்தேன். எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் இன்னொரு முறை படித்துவிட்டு அனுப்பலாம் என்று இறங்கி வந்தேன்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. வடக்கனந்தலில் எங்கள் வீட்டு வழக்கப்படி, புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டால் அடுத்த நாள் மறுபூஜை முடியும்வரை அதைத் தொடக்கூடாது. அதனால் வருடா வருடம் படித்து முடித்த பழைய புத்தகம் ஒன்றை வைத்துத் தப்பித்துக்கொள்வேன். இந்த வருடம் குஷியில் அம்மா கேட்பதற்கு முன்பே டேப்பைக் கொண்டுபோய் அப்பாவின் மண்வெட்டிக்கும் கரும்பு வெட்டுகிற கத்திக்கும் நடுவில் வைத்தேன். அம்மா அதன் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

கற்பூரம் காட்டி முடித்த கையோடு நெறியாளர் போன் செய்தார்.

"நாலாம் அத்தியாயம் என்னம்மா ஆச்சு? சாயங்காலம் நான் ரயில் ஏறுறேன். அதுக்குள்ள அனுப்பினா வழியில படிச்சிட்டு இந்தத் தடவை ஆய்வுக் குழுக் கூட்டத்துல வச்சுடலாம். இல்லன்னா இனிமே ஆறு மாசம் கழிச்சுதான்."

அத்தியாயம் டேப்பில் இருந்தது. டவர் இல்லாத மலையில் எழுதியது, வேறெங்கும் நகல் கிடையாது.

"எம்மா, டேப்ப எடுத்துக்கறேன்."

"இன்னாடி வெளையாடுறியா? நாளைக்குதான் எடுக்கணும்."

"ஆறு மாசம் போயிடும்மா!"

"நான் கேட்டனா? நீயாதான கொண்டாந்து வெச்ச?"

அப்பா எனக்காக வாயைத் திறந்தார். "டிராக்டருக்குந்தான் பொட்டு வெச்சிக்கிது. அவசரம்னா எடுக்க மாட்டனா?"

"நீங்க சும்மா இருங்க."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கத்தித் தீர்த்தேன். அம்மா போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் விளக்கைத் தூண்டிவிட்டாள்.

"இன்னாம்மா பண்ற?"

"நாளைக்குப் பண்ற மறுபூஜைய இப்பவே பண்ணிடறேன். சரஸ்வதிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

பொரியும் சுண்டலும் மறுபடி இலைக்கு வந்தன. நான் துள்ளிக் குதித்து டேப்பை எடுத்தேன். எழுந்து ஓட அம்மா விடவில்லை. மறுபூஜை என்றால், எடுத்த புத்தகத்தைச் சாமிக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்சமாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

சம்மணம் போட்டு, ஆங்கிலத்தில் ஒரு பத்தியைக் கடகடவென்று ஒப்பித்தேன்.

"சாமிக்குப் புரியும். எனக்கு?" என்றாள் அம்மா.

நான் என்ன எழுதுகிறேன் என்று இத்தனை வருடத்தில் அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அதே பத்தியைத் தமிழில் சொன்னேன். மரவள்ளியை லாரி ஏற்றி அனுப்பிவிட்டால் வீட்டில் ஒன்றுமில்லை, சாமை குதிரில் இருக்கிறவரை யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்று மலையில் அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். நான் வரைந்த கதிரைப் பெரிதாக்கிக் காட்டினேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் தோள்மேல் சாய்ந்து பார்த்தாள். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் ஏறி, நெறியாளரை மறந்தே போனேன். அப்பாதான் கடிகாரத்தைக் காட்டினார்.

அலறியடித்துக்கொண்டு செல்போனிலிருந்து நெட்டை இணைத்து அனுப்பினேன். எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் நீலக் கோடு நகரவே மாட்டேன் என்றது. கடைசியில் நெறியாளரிடமிருந்து ஒரே சொல் வந்தது: "கிடைத்தது."

"போயிடுச்சு! எம்மா, போயிடுச்சு!" என்று வீடே அதிரக் கத்தினேன்.

அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அது போவட்டும்டி. அந்தம்மா அப்பறம் இன்னா சொன்னாங்க? மேல படி."