கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே

பாக்கியலட்சுமியின் முட்டி கெட்டுப்போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.

சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில், அவள் வீடு என் வீட்டுக்கு அடுத்தது. வயது ஐம்பத்து மூன்று. காலையில் தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் நான்கு மணி நேர வேலை. அந்த நேரம் அவள் கணவரை நான் எட்டிப் பார்த்துக்கொள்வேன். கதிரேசன் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஆறு வருடமாக வலது பக்கம் விளங்கவில்லை. வாய் மட்டும் நன்றாகவே விளங்கியது. இரண்டு பணிப்பெண்களை ஒரே வருடத்தில் விரட்டினார். "அவ மட்டும் தூக்கட்டும்" என்பார். இவளும் "உங்கள எந்த ஹோமுக்கும் அனுப்ப மாட்டேங்க" என்று என் முன்னாலேயே சத்தியம் செய்தாள். பைத்தியக்காரத்தனம் என்று சொன்னேன். கேட்கவில்லை.

குனிந்து, அவருடைய இடது கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்துத் தூக்கி, நின்ற இடத்திலேயே காலை ஊன்றித் திரும்பி, சக்கர நாற்காலியில் உட்கார வைப்பாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை.

ஒருநாள் கடையில் தரை கழுவியிருந்தது. வழுக்கியபோது இடது பாதம் கூடைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. உள்ளே 'பட்' என்று கேட்டதாம். ஒரு மணி நேரத்தில் முட்டி பானை மாதிரி வீங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த சுளுக்கு வைத்தியர் ஒருவரிடம் நான்தான் அழைத்துப்போனேன். எண்ணெய் போட்டு நீவி, இழுத்துக் கட்டி, வெறும் சுளுக்கு என்றார். மூன்றே வாரத்தில் வீக்கம் வடிந்தது. அவள் பஸ் ஏறினாள், படி ஏறினாள்.

"பாத்தியா, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா கத்தியத் தூக்கியிருப்பாங்க லா" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

நேராக நடக்கும்வரை அந்தக் காயம் வாயைத் திறக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? மின்தூக்கி வாசலில் யாரோ கூப்பிட, சட்டென்று திரும்பினாள். முட்டி நழுவி மறுபடி உட்கார்ந்தது. அடுத்த வாரம் இன்னொரு தடவை. அதற்குப் பிறகுதான் வட்டாரத்துப் பலதுறை மருந்தகத்தில் டாக்டர், அங்கிருந்து ஆஸ்பத்திரி, ஸ்கேன்.

டாக்டர் தனுஷிகா சின்னப் பெண். பாக்கியத்தைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் முன்னால் இழுத்தாள். நல்ல காலில் ஓர் இடத்தில் நின்றது. கெட்ட காலில் மேசை இழுப்பறைபோல வந்துகொண்டே இருந்தது.

"லிகமெண்ட் முழுசா அறுந்திருக்கு ஆன்ட்டி. தானா ஒட்டாது. ஆனா எக்சர்சைஸ் செஞ்சு தொடைய பலப்படுத்தினா, உங்க வயசுல நெறைய பேரு ஆப்பரேஷன் இல்லாமலே சமாளிச்சிடுறாங்க. கால ஊனித் திரும்பாதீங்க. வெயிட் தூக்கிட்டுத் திரும்பவே கூடாது."

"எத்தன கிலோ வரைக்கும்?"

"எந்த வெயிட்டும் வேணாம் ஆன்ட்டி."

கதிரேசன் எழுபத்தெட்டுக் கிலோ. நான் வாயைத் திறந்தேன். பாக்கியம் என் தொடையைக் கிள்ளினாள்.

ஆப்பரேஷன் செய்தால் ஆறு வாரம் ஊன்றுகோல், முழுப் பலம் வர ஒன்பது மாதம் என்றாள் டாக்டர். "இப்ப வேணாம்" என்று இவள் எழுந்துவிட்டாள்.

பயிற்சிகளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலச் செய்தாள். முட்டிக்குப் பட்டை வாங்கினாள். நல்ல காலில் திரும்பலாம் என்று நாற்காலியைக் கட்டிலின் மறுபக்கம் போட்டுப் பார்த்தாள். அது அவருடைய விளங்காத பக்கம், அவரால் துளியும் ஒத்துழைக்க முடியவில்லை. நாற்காலி பழைய இடத்துக்கே வந்தது. எங்கே போட்டாலும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு திருப்பம் இருந்தது.

பொங்கல் வாரம், பிற்பகல் இரண்டு மணி. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டு மாற்றுச் சாவியோடு ஓடினேன். அவள் கீழே, அவர் மேலே. அவர் முகம் தரையில் அடித்து, முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். அவளால் இடது காலை நீட்டவே முடியவில்லை.

"போட்டுட்டே" என்றார் கதிரேசன். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

அவள் முட்டியில், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு கிழிந்து, மூட்டுக்குள் மடிந்து சிக்கியிருந்தது. இனி யோசிக்க இடமில்லை. அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் ஆப்பரேஷனுக்குப் படுத்தாள். "ஒம்போதே மாசங்க" என்றாள் வேனுக்குள் தலையை விட்டு.

தொடையின் பின்புறத்திலிருந்து நார் எடுத்து, எலும்பில் துளை போட்டு, புது லிகமெண்ட் வைத்தார்கள். கிழிசலையும் தைத்தார்கள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு முட்டியை மடக்குவாள். ஞாயிறு தவறாமல் அவரைப் பார்க்கப் போனாள், முதலில் ஊன்றுகோலோடு. வாரத்துக்கு வாரம் அவர் பேச்சு குறைந்ததை நான் கவனித்தேன். அவள் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாம் மாதம் இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் திரும்பித் திரும்பிப் பழகினாள். திட்டினேன்.

ஒன்பதாம் மாதம் டாக்டர் இழுத்துப் பார்த்தாள். கால் கல்லுப்போல நின்றது.

மறுநாளே வேன் பிடித்துக்கொண்டு இல்லத்துக்குப் போனோம். பாக்கியம் அவர் முன்னால் குனிந்து, இடது கையை எடுத்துத் தன் கழுத்தில் போடப் போனாள். அவர் அந்தக் கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க. விடுங்க, வீட்டுக்குப் போலாம்."

விடவில்லை.

"முட்டி நல்லாயிடுச்சுங்க. டாக்டரே சொல்லிட்டாங்க."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். பயம் என்று எனக்குப் புரிந்தது. கோபமாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்து, "நர்ஸ்" என்று கூப்பிட்டார். பிறகு அவளிடம், "நீ வேணாம். போட்டுடுவே" என்றார்.

அவள் அவர் விரல்களிலிருந்து தன் கையை எடுத்தாள்.

"அக்கா," என்றாள் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "வேன்காரர போகச் சொல்லிடுங்க."