யாருடையது என்று கேட்டார்கள்

என் அலுமாரியில் ஒரு தோலுறை இருக்கிறது. பைனாகுலர் வைக்கும் உறை. உள்ளே ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து மறுபடி வைத்துவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், எஹலியகொடப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் நான் பெரிய கிளாக்கர். குருவி பார்க்கும் பழக்கம் இருந்தது. கூட்டாளி ஒரு பால்வெட்டுக்காரர். மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு கிடையாது. ஆகவே அடைமழைக் காலைகளே எங்களுடையவை. எனக்குப் பைனாகுலர் வேண்டும், அவருக்குக் காது போதும். குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியை அவர்தான் முதலில் கேட்பார். தோட்டத்தில் பேர் என்றால் அன்றைய வேலைக்கான பதிவு, அது விழுந்தால்தான் கூலி. நான் குறிப்பேட்டில் குருவியை எழுதும்போது, "மழையில எனக்குத்தான் இன்னிக்குப் பேர் இல்ல. குருவிக்காவது பேர் போடுறீங்களே ஐயா" என்று சிரிப்பார்.

அந்த மார்கழிக் காலையில் புயற்காற்று கிளைகளை முறித்துக்கொண்டிருந்தது. மழை வலுக்கவே பைனாகுலரை வாங்கித் தன் கழுத்தில் மாட்டி, போர்த்தியிருந்த பொலித்தீனுக்குள் வைத்துக்கொண்டார். "நனைஞ்சா கண்ணாடி பூத்துப் போயிருங்க ஐயா." உறை மட்டும் என் தோளில், மழைக்கோட்டுக்குள். ரோட்டுக்கு இறங்கியதும் ரோந்து வந்தவர்கள் நிறுத்தினார்கள். யுத்தக் காலம். மலையிலிருந்து இறங்கும் தமிழன், ஒளித்துவைத்த பைனாகுலர். யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

அவருக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். ஆனாலும் கிளாக்கர் நிற்கையில் தோட்டத்து ஆள் முந்திப் பேசுவதில்லை. என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் உறையை முழங்கையால் அழுத்தி மறைத்துக்கொண்டு, தெரியாது என்றேன். பயந்தேன், வேறு காரணம் எதுவுமில்லை. அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவர் மனைவிக்கு மனு எழுதிக் கொடுத்தவனும் நான்தான். பிழையில்லாத ஆங்கிலம். பைனாகுலர் என்னுடையது என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. அந்தப் பெண் என்னைக் கும்பிட்டு வாங்கிப்போனாள்.

எட்டு மாதம் கழித்து விட்டார்கள். யாரிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மார்கழியில், மழைக் காலையொன்றில், என் வாசலில் வந்து நின்றார்.

"குருவி வந்திருச்சாங்க ஐயா?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. பதிலுக்காக வலது காதை என் பக்கம் திருப்பியபோதுதான் புரிந்தது. அடித்ததில் ஒரு காது போய்விட்டது. மற்றதில் கத்திப் பேசினால்தான் கேட்கும். வேலிக்கு அப்பால் ஆறுமணிக்குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இல்லை என்று தலையசைத்தேன்.

"சரிங்க. வந்தா சொல்லிவிடுங்க ஐயா."

சொல்லிவிடவில்லை. அவர் இறந்தும் பல வருடமாகிறது.

இன்று காலையும் மழை. உறையைத் துடைக்கையில் குருவி கத்தியது. "என்னுடையது" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மருமகள் உள்ளேயிருந்து கேட்டாள். "எது மாமா?"

ஒன்றுமில்லை என்றேன்.