தளபதிக் கெண்டி

வீட்டின் பின்கட்டில் பீங்கான் பட்டறை வைத்திருந்த அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம். யாரையாவது பிடிக்காமல் போனால் அவர் முகச்சாடையில் ஒரு உப்பு ஜாடி வந்துவிடும். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை அவள்தான் வளர்த்தாள். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் அக்காவாகிவிட்டாள்.

போர் வந்தது. வயசுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனார்கள்; தம்பியும் போனான். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு தேநீர்க் கெண்டி செய்தாள். போரை நடத்துகிற தளபதிதான் கெண்டி. அவர் தொந்திதான் கெண்டியின் வயிறு, ‘போங்கள்’ என்று அடுத்தவனை முன்னால் அனுப்பும் கைதான் மூக்கு. தொப்பியைத் தூக்கினால் தலைக்குள் ஒன்றுமில்லை. சாய்த்தால் விரல் வழியே சிவப்பாகத் தேநீர் கொட்டும்.

சனங்கள் வாங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்குப் பயம் விட்டுப்போகும், பயம் போனால் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்பார்கள் என்று அவள் நம்பினாள்.

ஒரு நாள் வாசலில் ராணுவ ஜீப் நின்றது. விலங்கு மாட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்த அதிகாரியோ, தளபதிக்குக் கெண்டி ரொம்பப் பிடித்துவிட்டது, விருந்தாளிகளுக்குக் கொடுக்க இன்னும் வேண்டும் என்றார். தம்பி அவர்கள் கையில் இருக்கிறானே, எப்படி மறுப்பாள்? செய்து கொடுத்தாள். அவனை எல்லையிலிருந்து மாற்றச் சொல்லி அந்த அதிகாரியிடமே கெஞ்சவும் செய்தாள். பார்க்கலாம் என்றார்.

பிறகு தம்பியிடமிருந்து போன் வந்தது. அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

“உன் கெண்டி இங்க முகாமுக்கே வந்துடுச்சுக்கா. எங்க பெரிய ஆபீசர் அதுலதான் டீ ஊத்துறார். அவர் சிரிச்சா நாங்களும் சிரிக்கணும்.”

அதற்குப்பின் போன் வரவில்லை.

இனி யாரும் சிரிக்கவே முடியாதபடி ஒன்று செய்கிறேன் என்று உட்கார்ந்தாள். பீங்கானில் பூட்ஸ் செய்தாள். உள்ளே கணுக்காலோடு அறுந்த பாதம். சந்தையில் கொண்டுபோய் வைத்தாள். பக்கத்துத் தெரு தையல்காரம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எம் புள்ளை இப்படித்தான் வந்தான். பாத்தவளுக்கே திரும்பவும் காட்டுறியேம்மா, காட்ட வேண்டியவனுக்குக் காட்டக்கூடாதா?”

அக்கா எல்லாவற்றையும் துணியால் மூடி எடுத்து வந்துவிட்டாள்.

அதிகாரி மறுபடியும் கெண்டிக்கு வந்தார். தம்பி எங்கே என்று கேட்டாள். விவரம் வரவில்லை என்றார். அப்போதுதான் அவள் வாய்விட்டுச் சொன்னாள்:

“அது வேடிக்கைக்குச் செஞ்சதில்லைங்க. அந்த ஆளு தலையில ஒண்ணுமில்ல, கையில ரத்தம்னு சொன்னேன்.”

அவர் கோபப்படவில்லை.

“அது அவருக்கும் தெரியும்மா. எப்ப தர முடியும்னு சொல்லுங்க.”

முடியாது என்றாள். அவளை ஒன்றும் செய்யவில்லை. கெண்டி வார்க்கும் அச்சுகளை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள். இப்போது கெண்டியை வேறொரு தொழிற்சாலை செய்கிறது, கடைகளில் நன்றாக விற்கிறது. அக்கா தினமும் ஊரிலுள்ள ராணுவ அலுவலக ஜன்னலில் போய்த் தம்பி பேரைச் சொல்கிறாள். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வரிசை அவளைத் தள்ளிவிடுகிறது.