யாருக்கும் சொந்தமில்லாத முகம்

அந்தப் படத்தை எடுத்தது நான்தான். இணையத்தில் ஏற்றியதும் நான்தான். ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தில் டிக் அடித்ததும் இதே கைதான். அப்புறம் யாரைப் போய்த் திட்டுவது? திட்டினேன், அது வேறு விஷயம்.

அப்போது நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வண்டலூர் மிருகக்காட்சி சாலையைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தோம். நாற்பத்தைந்து நோட்டிலும் ஒரே வெள்ளைப் புலி. அதன் வயிற்றுக்குக் குறுக்கே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் சாம்பல் எழுத்தில் ஓடியது.

“புலி வயித்துல என்னடி எழுதியிருக்கு?”

“அது டிசைன் மிஸ்.”

எனக்கு வந்த கோபத்தில் அன்று பாடமே நடத்தவில்லை. அடுத்தவன் படத்தைக் கேட்காமல் எடுப்பது திருட்டு என்று ஒரு பீரியட் முழுக்கக் கத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குட்டி எழுந்து, “அப்ப படத்துக்கு எங்க மிஸ் போறது?” என்றாள். 

மூன்று நாள் பள்ளி விட்ட பிறகு லேபிலேயே உட்கார்ந்து தேடினேன். தாங்கள் எடுத்த படங்களை ஊருக்கே கொடுத்துவிடும் புண்ணியவான்கள் உலகமெங்கும் இருந்தார்கள். என் பெயரை மட்டும் கீழே போடு என்பார் ஒருவர், காசு பண்ணாதே என்பார் இன்னொருவர், என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்பார் மூன்றாமவர். அதற்கெல்லாம் உரிமம் என்று தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். உடனே ஒரு நோட்ஸ் தயார் செய்தேன்.

என் குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எதையும் முன்கூட்டியே செய்து வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜூனில் நடத்த வேண்டிய பாடத்துக்கு ஏப்ரலிலேயே நோட்ஸ் எழுதுகிற ஜென்மம். ஊருக்குப் போவதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே பெட்டி வாசலுக்கு வந்துவிடும்; என் கணவர் தினமும் அதைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போவார்.

நோட்ஸில் ஓர் உதாரணம் வேண்டும், தேடினால் கட்டாயம் கிடைக்கிற உதாரணம். அதனால் நானே ஒரு படத்தை ஏற்றினேன். என் கணவர் படம். கோவளத்தில் மீன் வாங்கப் போனபோது, கூட வேலை பார்க்கிற டீச்சரின் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். இவர் அரை மணி நேரமாக வஞ்சிரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்கார அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இன்னா சார், மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றாள். இவர் கண்ணை இடுக்கிக்கொண்டு சிரித்தார். அந்த நொடியில் எடுத்தது. அவருக்கு அதைவிட நல்ல படம் இதுவரை அமையவில்லை.

“உங்க படத்தப் போடட்டுமா?” என்று கேட்கத்தான் செய்தேன்.

“என் மூஞ்சிய எவன் எடுக்கப் போறான், போட்டுக்கோ.”

இந்தத் தளத்துக்குப் போ, இந்தக் கட்டத்தில் டிக் அடி, இந்த மூன்று வார்த்தைகளைத் தட்டு, இந்த முகம் வரும், கீழே உரிமத்தைப் படி என்று படிப்படியாக எழுதினேன். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை: ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அதை மேற்குத் தாம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நாற்பத்தைந்து காப்பி போடச் சொன்னேன். ஜெராக்ஸ், டிடிபி, ஃப்ளெக்ஸ் எல்லாம் அந்த ஒரே கடையில்தான். காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

“இன்னா டீச்சர், படத்த சும்மாவே குடுக்கறாங்களா? மெய்யாலுமா?”

“தாராளமா எடுத்துக்கலாம்ணா. ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது. ஒரு காப்பி நீங்களும் வெச்சுக்குங்க.”

பெருமையாகத்தான் சொன்னேன்.

அடுத்த மாதம், ஷேவ் செய்யும்போது, கழுத்தில் இடது பக்கம் ஏதோ தட்டுப்படுகிறது என்றார் என் கணவர். தொட்டுப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, வலியே இல்லை. வலி இல்லை என்றதும்தான் அன்றே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். என் அப்பாவுக்கு வந்த கட்டியும் வலிக்கவில்லை. அவர் ஆறு மாதம்கூட இருக்கவில்லை.

டாக்டர் கட்டியைக் கொஞ்சம் வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார். ரிசல்ட்டுக்குப் பத்து நாள் ஆகும் என்றார். இவர் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டு, “கட்டு நனையாமப் பாத்துக்குங்கம்மா, சார் சொன்னா கேக்கற ஆளாத் தெரியல” என்றார். அவ்வளவுதான்.

“என்னவாம்?” என்று கேட்டார் இவர்.

“ஒண்ணுமில்ல. தண்ணி படாமப் பாத்துக்கணுமாம்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

அந்தப் பத்து நாளைப் போல ஒரு பத்து நாள் யாருக்கும் வரக் கூடாது. அந்த வியாதியின் பெயரை வீட்டில் இரண்டு பேரும் உச்சரிக்கவில்லை. ஜெபத்தில்கூட நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆண்டவருக்குத் தெரியாதா என்ன என்று விட்டுவிட்டேன். துடைத்த அலமாரியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவே பயமாக இருந்தது, உப்பு அரைக்கல் கூடினாலும் தட்டைத் தள்ளுகிற மனிதர் அவர்.

மூன்றாம் நாளிலிருந்து புதிதாக ஒன்று ஆரம்பித்தது. அவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சாயங்காலம் ரயிலில் வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்து வீடு சேர்ந்ததும் டீயைக்கூடக் குடிக்காமல் என்னைக் கூப்பிடுவார். மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவார். சாவிகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினார். சர்டிஃபிகேட்டுகளையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒரே பைக்குள் போட்டு, எங்கே வைக்கிறேன் பார் என்றார்.

“இப்ப எதுக்குங்க இதெல்லாம்?” என்று எரிந்து விழுந்தேன்.

“தெரிஞ்சு வெச்சுக்கோயேன்.”

ரிசல்ட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயத்தில் கைக்கு வேலை தேடிக்கொள்கிறார், நான் அலமாரி துடைப்பதைப் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் சாயங்காலம், பரீட்சைத் தாள் காப்பி போட அந்தக் கடைக்குப் போனேன். வாசலில் வழக்கமாக மூன்று மாதிரி ஃப்ளெக்ஸ் தொங்கும்: கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. அன்று நான்காவதாக ஒன்று தொங்கியது. மேலே சிலுவை. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று வளைவாக எழுத்து. இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. நடுவில், மாலைக்குள், கண்ணை இடுக்கிக்கொண்டு என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கீழே ‘திரு.’ என்று போட்டுப் புள்ளிகள். ‘பிறப்பு’ என்று போட்டுப் புள்ளிகள். ‘இறப்பு’ என்று போட்டுப் புள்ளிகள்.

நாங்கள் சகுனம் பார்க்காத குடும்பம். பூனை குறுக்கே போனால் அதற்கு வேறு பக்கம் வேலை இருக்கிறது என்பார் என் அப்பா. சர்ச்சில் வாலிபர்களுக்கு இதைப் பற்றி நானே பாடம் எடுத்திருக்கிறேன். அத்தனையும் அந்த ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் போன இடம் தெரியவில்லை.  இறப்புக்கு நேரே இருந்த புள்ளிகளை எண்ணத் தொடங்கினேன். ஏன் எண்ணினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அண்ணா,” என்றேன்.  “அண்ணா, இது யாரு?”

“அது யாரும் இல்ல டீச்சர்,” என்றார் கடைக்காரர், உற்சாகமாக. “ஃப்ரீ மூஞ்சி. முன்னாடி ஒரு பெரியவர் படத்த சாம்பிளா மாட்டிக்கினு இருந்தேன். அவுங்க வூட்டு ஆளுங்க வந்து, எங்கப்பா செத்து ரெண்டு வருசம் ஆவுது, இன்னும் தொங்க வுட்டுகினு கீறியேன்னு ஒரே பேஜார். அதான் யாருக்கும் சொந்தம் இல்லாத மூஞ்சியா தேடினேன். உங்க நோட்ஸ பாத்துதான் எடுத்தேன், ஒவ்வொரு ஸ்டெப்பா. நெத்தி காலியா இருந்துச்சா, கிறிஸ்டியன் சாம்பிளுக்கு கரெக்டா பூட்ச்சு.”

என் நோட்ஸ் அவர் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது.

“அது என் வீட்டுக்காரர்ணா.”

 “உசுரோட கீறவரா?” என்றார் மெதுவாக. தலையை ஆட்டினேன். படாரென்று தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ, தப்பு பண்ட்டேனே தாயே!” என்று கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“வெட்டாதீங்க!” என்று கத்திவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த முகத்தில் கத்தரி படுவதை என்னால் பார்க்க முடியாது. அவர் முடிச்சை அவிழ்த்து இறக்கினார். அப்புறம் அதை என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கிழிக்க முடியாது. கொளுத்த முடியவே முடியாது. குப்பையில் போட்டால் யாராவது எடுத்துக் கடைக்குக் கூரையாகப் போட்டுவிடுவார்கள். வீட்டுக்கு எப்படிக் கொண்டு போவது? கடைசியில் முகம் உள்ளே போகும்படி சுருட்டி, மறுநாள் காலையில் வந்து பள்ளிக்கு எடுத்துப்போவதாகச் சொன்னேன்.

“எத்தனை நாளாத் தொங்குது?”

“அஞ்சு நாளு டீச்சர். நல்லா கீதுன்னு எல்லாரும் சொன்னாங்க. கழுத்துல பிளாஸ்திரி போட்டுகினு ஒருத்தர், தாடியும் அதுவுமா, சாயந்தரமானா வந்து நின்னு பாத்துகினே இருப்பாரு. ரேட்டு கேப்பாருன்னு பாத்தேன். கேக்காமலே பூட்வாரு.”

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று ஞாபகம் இல்லை. அவர் நாற்காலியில் ஏறி நின்று டியூப் லைட்டுக்கு ஸ்டார்ட்டர் மாற்றிக்கொண்டிருந்தார், எப்படி மாற்றுவதென்று நான் பார்க்க வேண்டுமாம். தினமும் தன்னுடைய இறப்புச் செய்திக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த மனிதர். பார்த்தீர்களா என்று கேட்க வாய் எடுத்தேன். பயந்துபோயிருக்கிறாரே, கிளற வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் லேபில் முதல் வேலையாக அந்தப் படத்தைத் தளத்திலிருந்து நீக்கினேன். நீக்கிய கையோடு என் நோட்ஸின் கடைசி வரி ஞாபகம் வந்தது. திரும்பப் பெற முடியாது. எத்தனை பேர் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்களோ, எந்த ஊரில் எவன் எதற்கு மாட்டியிருக்கிறானோ! ஃப்ளெக்ஸைப் பழைய கீபோர்டுகளோடு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பாடம் நடத்தும்போதெல்லாம் கண் அந்தப் பூட்டுக்கே போனது.

பத்தாம் நாள் டாக்டர் கவரைப் பிரித்தார். அவர் பிரிக்கிற வேகம் எனக்குப் போதவில்லை, பிடுங்கிவிடலாமா என்றிருந்தது.

“டிபிதான்,” என்றார். “நெறி கட்டியிருக்கு. மாத்திரைய விடாமச் சாப்பிட்டா சரியாயிடும்.”

டிபிதான்! அந்த ‘தான்’ எனக்கு எப்படி இனித்தது தெரியுமா? ‘ஏசப்பா’ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டிபி என்றால் ஊரே முகத்தைச் சுளிக்கும். நாங்களோ லாட்டரி அடித்தவர்களைப் போல இளித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

திரும்பும் வழியில் அந்தக் கடை வந்தது. நான் வேகமாக நடந்தேன். அவர் நின்றுவிட்டார். சிலுவை, மெழுகுவர்த்தி, புள்ளிகள் எல்லாம் அப்படியே புதிதாக அச்சடித்துத் தொங்கின. நடுவில், முகம் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் வெள்ளை வட்டம்.

“கேன்சல் பண்ணிட்டியா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“எத?”

“என்னோடத. ஆர்டர் குடுத்திருந்தியே.”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை.

“டாக்டர் உன்ன மட்டும் தனியாக் கூப்ட்டுப் பேசினாரில்ல? மறுநாளே பாத்தா நம்ம கோவளம் படம். அது உன்கிட்டதான் இருக்கு; நீ பாடத்துக்குப் போட்டத வேற எவன் எடுக்கப் போறான்? பேருக்கும் தேதிக்கும் எடம் விட்டிருந்துச்சு. நீதான் எதையும் முன்கூட்டியே ரெடி பண்றவளாச்சே.” கழுத்துப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். “நான் தப்பா நெனக்கலம்மா. நல்ல படமாப் பாத்துக் குடுத்திருக்கியேன்னுதான் நெனச்சேன்.”

நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் கையிலிருந்த மாத்திரைக் கவராலேயே அவரை அடித்தேன். “ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா நீ பொய் சொல்லணும்,” என்றார். “பாவம், எதுக்கு உனக்கு அந்தக் கஷ்டம்?”

அழுதேன். கடைக்காரர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் படம் எதையும் நான் எங்கும் ஏற்றியதில்லை. ஊருக்குப் போகும்போது பெட்டியை முன்கூட்டியே வாசலில் வைத்ததும் இல்லை. கிளம்புகிற நிமிடத்தில் கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவோம். ஒருமுறை ரயிலையே விட்டுவிட்டோம்.