சிக்னே அளந்த குழாய்

விருந்துக்குப் போன வீட்டில், மேசைமேல் இருக்கும் மெழுகுவர்த்தித் தண்டைச் சுற்றி ஒரு காகிதக் கீற்றை இறுக்கிப் பிடிக்கிறாள் சிக்னே. நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் குண்டூசியால் ஒரு குத்து. கீற்றைப் பிரித்து நீட்டினால் இரண்டு துளைகள். இடைப்பட்ட தூரத்தை அளவுகோலில் பார்த்து, மனதுக்குள்ளேயே மூன்று புள்ளி ஒன்று நான்கால் வகுத்து, "குறுக்க இருபத்திரெண்டு மில்லி" என்கிறாள் யாரும் கேட்காமலே. கணவன் பொந்துஸ் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறான்.

"சாப்பிட வந்த இடத்துலயுமா?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

ஏரிக்கரை ஊரின் கேக் கடையில் வேலை. வட்ட அச்சின் உட்பக்கம் ஒட்டுவதற்குத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி வெட்டிப் பழகிய கை. அவள் கோட்டில் எப்போதும் ஏலக்காய் வாசனை அடிக்கும். பையில் கீற்றுகளும் குண்டூசிகளும் கிடக்கும். சில்லறை தேடிக் கையை விட்டுக் குத்துப்படாதவர்கள் அந்த வீட்டில் கிடையாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள். சத்தமாகச் சிரிப்பாள். 'ஏறத்தாழ' என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முகம் கடுத்துப் போகும். "ஏறத்தாழன்னு சொல்றவன் வீட்டு கேக்கை நான் தின்ன மாட்டேன்" என்பாள். அப்படிச் சொல்லியே இரண்டு வீட்டு விருந்தை இழந்திருக்கிறாள்.

மகள் தூவாவுக்கு அடுத்தபடியாக அவள் உயிரை விடுவது 'தவளை'க்குத்தான். அறுபதுகளில் இங்கிலாந்தில் பிறந்து, எப்படியோ ஸ்வீடனுக்கு வந்து சேர்ந்த பச்சை நிறக் கார். குளிர்காலத்தில் அது கிளம்ப மறுத்தால் அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள். பானெட்டில் கன்னத்தை வைத்துக் கெஞ்சுவாள். ஊரே பார்த்திருக்கிறது.

பள்ளிப் படிப்பு முடியும் ஜூன் நாளில், வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள் பள்ளிப் படிகளில் ஓடி இறங்குவார்கள். கீழே பெற்றோர்கள் அவரவர் பிள்ளையின் கைக்குழந்தைப் படத்தைத் தட்டியில் ஒட்டித் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். பிறகு டிராக்டரோ லாரியோ பழைய காரோ, பிர்ச் மரக்கிளை கட்டி ஊரைச் சுற்றி அழைத்துப் போக வேண்டும். தவளையில்தான் போவேன் என்று தூவா ஏழு வயதிலேயே சொல்லி வைத்திருந்தாள். இந்த ஜூனில் அந்த நாள் நெருங்கும்போது தவளையின் முன்பக்கப் புகைக்குழாய் துருப்பிடித்து இரண்டாக உடைந்தது. புகை நேராகப் பின் இருக்கைக்கு வந்தது. அதில் பிள்ளைகளை ஏற்ற முடியாது.

கார் உதிரிபாகக் கடையில் கேட்டால், நடுவில் விடுமுறைகள் இருப்பதால் ஒரு குழாய்தான் வளைத்துத் தர முடியும், அதுவும் முந்தின நாள்தான் வந்து சேரும் என்றார்கள். அளவு தப்பினால் மாற்றிக்கொள்ள நேரமில்லை.

அளவு சொல்லத் தானாகவே வந்து நின்றான் ஹெல்கே. பொந்துஸின் அண்ணன், பழைய கார்ச் சங்கத்தின் தலைவன், எதற்கும் விடை வைத்திருப்பவன். காருக்கடியில் தலையை நீட்டி, இரும்பு அளவியால் ஒரு கவ்வு கவ்விவிட்டு வெளியே வந்தான்.

"நாப்பத்தெட்டு மில்லி. போய்ச் சொல்லு."

"எங்க அளந்த?"

"சைலன்சர் வாயில."

"அது குழாயை உள்ள வாங்கிக்கிற வாய், ஹெல்கே. உன் தொண்டைக்கு அளவெடுக்கச் சொன்னா உதட்டை அளந்துட்டு வர்ற."

ஹெல்கே சளைக்கவில்லை. தகட்டின் கனத்தை இரண்டு பக்கமும் கழித்தான். "சரி, நாப்பத்தஞ்சு. எல்லாக் கடையிலயும் கிடைக்கிற சைஸ். போதுமா?"

சிக்னே உடைந்த குழாயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். துரு உப்பிக்கொள்ளும், அதன்மேல் வைத்து அளந்தால் பொய்தான் வரும். குழாயைத் தாங்கியிருந்த ரப்பர் பட்டையை அறுத்தெடுத்தாள். தவளை போகிற இடமெல்லாம் எண்ணெய் சிந்துகிற வண்டி. அந்த எண்ணெய் பட்டைக்குள் இறங்கி ஒரு விரலகலத்துக்கு இரும்பைப் புதிதாகவே வைத்திருந்தது. அங்கே கீற்றைச் சுற்றினாள். ஊசியால் குத்தினாள். நூற்று முப்பத்தொன்பதரை மில்லிமீட்டர்.

"நாப்பத்தஞ்சா இருந்தா நூத்தி நாப்பத்தொண்ணைத் தாண்டியிருக்கணும். இது நாப்பத்தி நாலரை. ஒண்ணே முக்கால் இஞ்ச். வெள்ளைக்காரன் வண்டி இஞ்ச்லதானே பொறந்துச்சு."

"அரை மில்லிக்கா இவ்வளவு பேச்சு?"

"குறுக்க அளந்தா அரை மில்லி. சுத்தி அளந்தா ஒன்றரை மில்லிக்கு மேல. கண்ணுக்குத் தெரியறதை விட்டுட்டுத் தெரியாததை எதுக்குடா அளக்கணும்?"

"ஊர் நடுவுல புஸ்ஸு புஸ்ஸுனு ஊதப்போகுது. அப்ப பேசலாம்" என்று சொல்லிவிட்டு ஹெல்கே போய்விட்டான்.

கடைக்காரனும் தொலைபேசியில், "எல்லாரும் நாப்பத்தஞ்சுதான் வாங்கறாங்க" என்றான். எல்லாரும் வாங்குவதைத் தான் கேட்கவில்லை என்றாள் அவள். குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் போனை வைத்ததும் பயம் வந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை. கேக் கடையில் சர்க்கரையை இரண்டு முறை போட்டாள். உடைந்த குழாயை எடுத்து எடுத்து அளந்தாள். ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் வந்தது. தூவா அதைப் பார்த்துவிட்டு, "தவளை வரலைன்னா நடந்தே வந்துக்கறேம்மா, பரவால்ல" என்றாள். அந்தப் 'பரவால்ல'தான் அவளை அதிகம் வதைத்தது.

குழாய் வந்தது. பொந்துஸ் விளக்கைப் பிடித்துக்கொள்ள, சிக்னே காருக்கடியில் மல்லாந்து படுத்தாள். குழாயைச் சைலன்சர் வாயில் வைத்துக் கொஞ்சம் திருப்பித் தள்ளினாள். சுத்தியல் இல்லை, கிரீஸ் இல்லை. சரக்கென்று உள்ளே போய் நின்றது. மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. கீழேயிருந்து கிளம்பிய சிரிப்பைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"பொந்துஸ், கைய விட்டாலும் விழல. பாரு, விழவே இல்ல."

"நான் விளக்கை விடலாமா?"

"நீ விடாத. நான் இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும்."

மறுநாள் பள்ளி வாசலில், பிர்ச் கிளை கட்டிய தவளை இன்ஜின் ஓடியபடி நின்றது. வெளியே கேட்டது சீரான சின்ன உறுமல் மட்டுமே. சிக்னே நீலப் பட்டு உடை உடுத்தி, தன் பள்ளிக்காலத்து வெள்ளைத் தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தூவா படியில் ஓடி வந்து, தோழிகள் மூவரோடு உள்ளே நெருக்கியடித்து ஏறினாள். புகை வாடை இல்லாததால் கண்ணாடியை இறக்கக்கூட இல்லை. உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது.

ஹெல்கே பக்கவாட்டில் குனிந்து காதைக் கொடுத்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான்.

"கொஞ்சமாச்சும் கசியும். இணைப்புல கரி படிஞ்சிருக்கும், பாத்துக்க."

சிக்னே பட்டு உடையோடு தார்ச்சாலையில் முழங்காலிட்டாள். தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, காருக்கடியில் கையை நீட்டி, உறுமிக்கொண்டிருந்த இன்ஜினுக்குப் பின்னால் குழாய் சைலன்சரோடு சேரும் இடத்தருகே அதை ஒரு பாட்டு முடியும்வரை பிடித்திருந்தாள். பிறகு எழுந்தாள். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாப் பக்கமும் பார்த்தாள். ஒரு பொட்டுக் கரி இல்லை. அதை எடுத்து ஹெல்கேயின் வழுக்கைத் தலையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.