பின்பக்கம் திறந்த உடுப்பு

சபையில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. உயிரோடிருப்பவர்களுக்கு அவள் சொன்ன தேதியில் துணி கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. "நாளைக்கு வா" என்று வாய் கூசாமல் சொல்வாள். ஒரேயொரு பாவாடைக்காக நடையாய் நடந்து போதகரின் மனைவிக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஆனால் சபையில் ஒரு சாவு விழுந்துவிட்டால் போதும், கையிலிருப்பதையெல்லாம் மூலையில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீடு வருவதற்குள் வெள்ளை உடுப்போடு வாசலில் நிற்பாள். கூலி என்று யாராவது வாயெடுத்தால் வள்ளென்று விழுவாள்.

"இந்தக் கை கர்த்தர் குடுத்தது. அவருக்கும் கொஞ்சம் தைக்க வேண்டாமா?"

அந்த உடுப்புக்கென்று ஒரு முறை உண்டு. முதுகுப்பக்கம் கழுத்திலிருந்து அடிவரை திறந்தே இருக்கும். விறைத்த கையை மடக்கி நுழைக்க முடியாதல்லவா? முன்பக்கமாகப் போர்த்தி, கைகளை ஏற்றிவிட்டு, ஓரங்களை உடம்புக்கடியில் செருகிவிட்டால் ஆள் நன்றாக உடுத்திக்கொண்டு தூங்குவது போலிருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுக்கு இது தெரியும்.

அவளுடைய ஒரே மகள் காய்ச்சலில் படுத்து, ஒரே வாரத்தில் போய்விட்டாள். கல்யாண வயசு, சரியான வாயாடி, அம்மாவையே மடக்கிவிடுவாள். பாழாய்ப்போன காய்ச்சலுக்கு வேறு வீடே கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தபோது அவள் அழவில்லை. நேராகப் போய் மிஷின்முன் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் தோளைத் தொட்டாள்.

"அண்ணி, வேற யாராவது தைக்கட்டும். எழுந்து வாங்க."

"ஊருக்கெல்லாம் தைச்சேன். என் பிள்ளைக்கு இன்னொருத்தி தைக்கிறதா? சும்மா இரு."

உடலைக் கொண்டுவந்து உள்ளறையில் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்தார்கள். அவள் உடுப்பை எடுத்து விரித்தாள். நாத்தனார் பார்த்தாள், போதகரின் மனைவியும் பார்த்தாள். முதுகு முழுக்க மூடித் தைத்திருந்தது. கழுத்துக்குப் பின்னால் கொக்கி, இடுப்பில் சுருக்கம், அடியில் மகள் எப்போதும் கேட்கிற இரட்டை மடிப்பு. எங்கோ கிளம்பப்போகிற பெண்ணுக்குத் தைத்த உடுப்பு அது.

"கையத் தூக்குடி கண்ணு," என்றாள் மகளிடம். சற்றுக் காத்திருந்தாள். "எப்பப் பாரு பிடிவாதம். தூக்குடி."

நாத்தனாருக்குத் தாங்கவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னால மூடித் தைச்சிட்டீங்க அண்ணி."

அவள் உடுப்பைப் புரட்டிப் பார்த்தாள். தையலை விரலால் தடவினாள். இத்தனை பேருக்குத் தைத்த கை, சொந்தப் பிள்ளையிடம் வந்து இப்படித் தடம் புரண்டுவிட்டது.

"கத்தரியக் குடுங்க, நான் வெட்டுறேன்," என்றாள் போதகரின் மனைவி.

கொடுக்கவில்லை. மகளுக்குப் பக்கத்திலேயே கட்டிலில் துணியைப் பரப்பி, கழுத்திலிருந்து தானே வெட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பு வரை வந்தபோது கத்தரி நின்றது. மகள் செத்துப்போனது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தைக்கத் தெரியாத கையக் குடுத்திருக்கலாமே, கர்த்தாவே!"

அந்த அலறலில் தெருவில் நின்றிருந்த ஆண்களும் அழுதுவிட்டார்கள். மீதியை வெட்டலாமென்று நாத்தனார் கத்தரியை வாங்கப் பார்த்தாள். அவள் விடவில்லை. கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல் அடிவரை வெட்டி முடித்து, மகளுக்குத் தானே உடுத்திவிட்டாள்.